சிடி-ராம் பாடத்தை வீட்டு டிவிடியாக மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பாட சிடி-ராம்கள் பலவற்றின் அசைபடங்களைக் கணினியில் ஓட்டிய ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 அன்று முடிவுக்கு வந்தது. அதன்பின், அலமாரியில் கிடந்த பழைய தமிழ்ப் பாட சிடி-ராம்களைத் தூசி தட்டி எடுத்து, அவற்றைத் தொலைக்காட்சியோடு இணைத்த டிவிடி பிளேயரில் ஓடும் வட்டாக மாற்றித் தரும்படி கேட்பவர்கள் அவ்வப்போது வருகிறார்கள். கணினி இல்லாத சில பாலர் பள்ளிகளிலும் வீடுகளிலும் அந்தப் பிளேயர் இன்னும் உழைத்துக்கொண்டுதான் இருக்கிறது. இந்த வேலையைப் புதிதாக எடுக்கும் இளைஞர்களோ, நாங்கள் அந்நாளில் இடறிய அதே இடங்களில் இடறுகிறார்கள். நிரல் கோப்பை அப்படியே வட்டில் எழுதிவிட்டு, ஓடவில்லையே என்று திகைப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்; அவை முதல் நாளிலேயே தெரிந்துவிடும்.

வழி வரைபடம் இல்லாமல் ரெண்டர் செய்ய (வீடியோ கோப்புகளாக்க) தொடங்குவது

அண்மையில் ஒருவர், எழுத்துகளைக் கற்பிக்கும் சிடி-ராம் ஒன்றை மாற்ற முனைந்தார். மூலத்தில் 247 எழுத்துகளும் ஒரே திரையில் கட்டம் கட்டமாக இருக்கும். எதன்மீது சொடுக்கினாலும் அதன் ஒலிப்பும் ஒரு சொல்லும் படமும் வரும். அவர் ஒவ்வோர் எழுத்துக்கும் குரல் சேர்த்து, தொடக்க இசை சேர்த்து, டிவிடிக்குரிய வீடியோ வடிவமான எம்பெக்-2இல் 247 கோப்புகளை வரிசை எண்ணிட்டுக் கொண்டுவந்து, “இனி மெனு மட்டும்தான் சார் பாக்கி” என்றார். இந்த வாக்கியத்தை எத்தனை பேரிடம் கேட்டாலும் எனக்கு எரிச்சல் குறைவதில்லை.

டிவிடி-வீடியோ தரத்தில் ஒரு வட்டுக்கு 99 டைட்டில்கள், அதாவது தனித்தனி வீடியோ ஓட்டங்கள்தாம் உச்சம். ஒரு டைட்டிலுக்குள் 99 அத்தியாயங்கள் வரை வைக்கலாம். ஒரு மெனுவில் 36 பொத்தான்களுக்கு மேல் இடமில்லை; அகலத்திரை மெனுவைப் பழைய 4:3 தொலைக்காட்சிக்கும் பொருந்தும்படி செய்தால் அதுவும் 18 ஆகக் குறையும். ஆகவே 247 கட்டங்கள் கொண்ட திரை அந்த வடிவில் வட்டுக்குள் வரவே முடியாது. இவருடைய மென்பொருள் நூறாவது கோப்பை ஏற்க மறுத்தபோது, கோளாறு மென்பொருளில் என்று எண்ணி வேறொன்றை நிறுவியிருக்கிறார். அதுவும் அங்கேயே நின்றிருக்கிறது.

முதலில் ஒரு பெரிய தாளை எடுத்து, ஒவ்வொரு திரைக்கும் ஒரு பெட்டி போட்டு, எந்தப் பொத்தான் எங்கே போகிறது, கிளிப் முடிந்ததும் எங்கே திரும்புகிறது என்று அம்புக்குறி இட்டிருந்தால் விடை ஒரு மாலைக்குள் கிடைத்திருக்கும். 18 மெய்களுக்கு ஒரு மெனு; ஒரு மெய்யைத் தேர்ந்தால் அதன் 12 உயிர்மெய்களுக்கு ஒரு மெனு. ஒவ்வொரு மெய்யும் ஒரு டைட்டில், அதற்குள் 12 அத்தியாயங்கள். உயிருக்கும் ஆய்தத்துக்கும் மெய்களின் தனி ஒலிப்புக்கும் மேலும் சில. மொத்தம் இருபதைச் சுற்றியே டைட்டில்கள் வரும். ரிமோட்டின் அம்புக்குறியை ஏழெட்டு முறைக்கு மேல் அழுத்தாமலே குழந்தை எந்த எழுத்தையும் அடைந்துவிடும்.

ஆனால் இந்த அமைப்புக்கு அவருடைய 247 கோப்புகளும் உதவவில்லை. அத்தியாயங்களாக வேண்டுமானால் ஒரு மெய்க்குரிய பன்னிரண்டையும் ஒரே ஓட்டமாகக் கோக்க வேண்டும். கிளிப்புதோறும் ஒலிக்கும் தொடக்க இசையை வெட்ட வேண்டும். மறுபடி என்கோடு செய்ய வேண்டும், அதாவது எம்பெக்-2 ஆகச் சுருக்க வேண்டும். அதோடு, அத்தியாயம் தானாக நிற்காது. ‘க’ முடிந்ததும் ‘கா’ ஓடத் தொடங்கும். ஒவ்வொன்றின் முடிவிலும் மெனுவுக்குத் திரும்பும் கட்டளை இட வேண்டும். டைட்டிலின் கடைசியில் மட்டுமே கட்டளை இட அனுமதிக்கும் எளிய மென்பொருளை வாங்கியிருந்தால் அங்கும் சுவர்தான். திரும்பும்போது, முன்பு அழுத்திய பொத்தான்மீதே தேர்வு நிற்கும்படி சொல்லவும் வேண்டும். சொல்லாவிட்டால் ‘கௌ’ கேட்ட குழந்தை ஒவ்வொரு முறையும் ‘க’விலிருந்து நடக்க வேண்டியிருக்கும்.

அதே வட்டில் பத்துக் கேள்விகள் கொண்ட வினாடி வினா ஒன்றும் இருந்தது. சரி, தவறு என்று ஒவ்வொரு கேள்வியிலும் பாதை இரண்டாகப் பிரிந்தால், பத்தாவது கேள்வி முடியும்போது 1024 பாதைகள் ஆகும். சிலர் இதைக் கண்டு மிரண்டு மதிப்பெண்ணையே நீக்கிவிடுகிறார்கள். தேவையில்லை. ஒவ்வொரு டிவிடி பிளேயரிலும் ஜி.பி.ஆர்.எம். எனப்படும் பொதுப் பதிவகங்கள் 16 உள்ளன; ஒவ்வொன்றும் 65,535 வரையிலான ஓர் எண்ணைத் தாங்கும். சரியான விடையின் பொத்தான் ஒரு பதிவகத்தில் ஒன்றைக் கூட்டினால் போதும்; கடைசியில் 0 முதல் 10 வரை 11 முடிவுத் திரைகள்தாம். வாங்கும் மென்பொருள் அந்தப் பதிவகங்களைக் கையாள விடுகிறதா என்பதைப் பணம் கட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். பல மலிவான மென்பொருள்கள் அவற்றைக் காட்டுவதே இல்லை. வினாடி வினா தொடங்கும் இடத்தில் பதிவகத்தைப் பூஜ்யமாக்கவும் மறக்கக் கூடாது. ஒரு வெளியீட்டாளர் அதை மறந்து, தொழிற்சாலையில் அச்சிட்டு வந்த வட்டுகளை அப்படியே ஒதுக்கிவைக்க நேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். முதல் குழந்தை ஏழு மதிப்பெண் எடுத்துவிட்டு எழுந்தால், அடுத்த குழந்தை ஏழிலிருந்து தொடங்கியது. கூட்டுத்தொகை பத்தைத் தாண்டியதும் காட்டுவதற்குத் திரை இல்லாமல் பிளேயர் கறுப்பாக நின்றது. அச்சிட்ட வட்டில் ஒரு பிட்டைக்கூட மாற்ற முடியாது.

மூவி கிளிப்பை நம்பி ஏவிஐ எடுப்பது

ஃபிளாஷில் மூவி கிளிப் என்பது தனக்கென ஒரு டைம்லைன் கொண்ட உள் அசைபடம். ஃபிளாஷ் 8 வரையிலான பதிப்புகளில் பாடத்தை ஏவிஐ வீடியோவாக ஏற்றுமதி செய்தால் முதன்மை டைம்லைன் மட்டுமே அசையும்; மூவி கிளிப்புக்குள் இருக்கும் மயில் ஆடாது.

எழுத்தையே ஒளிரச் செய்வது

தேர்வான பொத்தானைக் காட்டும் மேலடுக்கில் ஒரு புள்ளிக்கு நான்கு நிலைகள்தாம் உண்டு. அவற்றில் ஒன்று பெரும்பாலும் ஒளிபுகும் வெற்றிடத்துக்குப் போய்விடும். மென்மையான விளிம்புக்கு அங்கே வழியில்லை. ஆகவே ‘ஞ’, ‘ழ’ போன்ற எழுத்துகளின் வளைவுகளையே ஒளிரச் செய்தால், விளிம்பு படிக்கட்டாகத் தெரியும். எழுத்தை விட்டுவிட்டு, அதைச் சுற்றி நேர்க்கோட்டுச் சட்டமோ அடியில் ஒரு பட்டையோ இடுவது நல்லது.

இரண்டே பொத்தான்கள் உள்ள மெனுவில் இன்னொரு சிக்கல். ‘ஆம்’ மஞ்சளாகவும் ‘இல்லை’ வெள்ளையாகவும் இருந்தால் எது தேர்வானது என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? செய்தவருக்கு மட்டும்தான் தெரியும். இங்கேயும் சட்டமே கைகொடுக்கும்.

ஒரு புள்ளி உயரக் கோடு

பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியில் அது நடுங்கிக்கொண்டே இருக்கும். குறைந்தது இரண்டு புள்ளிகளாவது வையுங்கள்.

ஓரத்தில் ‘முகப்பு’ பொத்தான்

தொலைக்காட்சி அதை வெட்டிவிடும். ஒவ்வொரு பக்கமும் பத்து சதவீதம் விட்டு உள்ளே கொண்டுவாருங்கள்.

ஒலி

மாதிரி வீதம் சிடியின் 44.1 அல்ல, 48 கிலோஹெர்ட்ஸ்.

இடம் மிச்சம் இருக்கிறதே என்று பிட் வீதத்தை ஏற்றுவது

பாட வட்டுகள் 4.7 ஜிபியில் பாதியைக்கூட நிரப்புவதில்லை. அதனால் புதியவர்கள் வீடியோவுக்குத் தரம் அனுமதிக்கும் உச்சமான நொடிக்கு 9.8 மெகாபிட்டில் என்கோடு செய்துவிடுகிறார்கள். கணினியில் அது ஓடும். வீட்டில் நாமே எழுதிய வட்டை, லென்ஸில் தூசி படிந்த பழைய பிளேயர் தடுமாறித்தான் படிக்கிறது. உச்சத்தில் ஓடும் படம் அங்கே திக்கித் திக்கி நிற்கும். கார்ட்டூன் போன்ற தட்டையான படங்களுக்கு 5 அல்லது 6 தாராளம். நான் 7ஐத் தாண்டுவதில்லை. கையில் கிடைக்கும் மிக மலிவான பிளேயரில், ரிமோட்டை மட்டும் வைத்துக்கொண்டு, எல்லாப் பொத்தான்களையும் ஒருவர் அழுத்திப் பார்க்கும் வரை முதன்மைப் பிரதியை அச்சுக்கு அனுப்புவதில்லை.

பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்ற இரு தொலைக்காட்சி முறைகள்

இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் ஆகிய இடங்களில் பால்: 720 × 576, நொடிக்கு 25 சட்டங்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் என்டிஎஸ்சி: 720 × 480, நொடிக்கு 29.97. டொராண்டோவில் உள்ள தமிழ் வகுப்புக்கும் வட்டு போகப்போகிறது என்பதை வேலை முடிந்தபின் சொல்லும் வாடிக்கையாளர்கள் உண்டு. அங்கே விற்ற பல பிளேயர்கள் பால் வட்டை ஏற்பதில்லை. படத்தை மாற்றினால் மட்டும் போதாது. மெனுப் படங்கள், மேலடுக்குகள், பொத்தான் எல்லைகள் எல்லாவற்றையும் 480 வரிகளுக்கு மறுபடி அமைக்க வேண்டும். அதனால் எந்தெந்த நாட்டுக்கு என்று முதல் சந்திப்பிலேயே கேட்டு, இரண்டாவது வட்டுக்கான தொகையைத் தனி வரியாக எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.