துப்பாக்கியை ஆசாரத்தில் மாட்டாதீர்கள்

கோபி, காங்கேயம் பக்கம் பழைய தொட்டிக்கட்டு வீடுகளில், அப்பாரு காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியை ஆசாரத்துச் (கூடத்து) சுவரில் மாட்டி வைப்பதைக் கௌரவமாக நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பெருமை புரிகிறது. ஆனால் பெயிண்ட் அடிக்க வந்தவர், தேங்காய் எடுக்க வந்தவர், லீவுக்கு வந்த பேரப்பிள்ளைகள் என எல்லோருக்கும் அது இருக்கும் இடம் தெரிந்துவிடுகிறது. தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) வயதான இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில், சுவரில் தொங்குகிற துப்பாக்கி திருட வருகிறவனுக்குத்தான் முதலில் கிடைக்கும். கண்ணாடி பீரோவும் அப்படித்தான், உடைக்க ஒரு கல் போதும்.

சரி, இரும்புப் பெட்டியில் பூட்டியாயிற்று என்றால் வேலை முடிந்ததா? தோட்டாவையும் அதிலேயே போட்டுவிட்டு, சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால் வைக்கிறார்கள். அந்த இடம் தெரியாத பிள்ளை எந்த வீட்டிலும் கிடையாது. பெட்டியைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்குங்கள், தோட்டா வேறு பூட்டில் இருக்கட்டும், சாவி லைசென்ஸ்காரர் கையிலேயே இருக்கட்டும். உள்ளே வைக்குமுன் குழலை மடக்கித் திறந்து இரண்டு ஓட்டையையும் கண்ணால் பாருங்கள். "காலிதான், நேற்றே பார்த்தேன்" என்ற பேச்சே வேண்டாம்.

தோல் உறையோடு பூட்டி வைப்பதும் தவறு. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், ஐப்பசி கார்த்திகை மழை முடிவதற்குள் குழலில் துரு ஏறிவிடும். கைவியர்வையின் உப்பும் இரும்பை அரிக்கும், அதனால் தொட்ட இடத்தைத் துடைத்து லேசாக எண்ணெய் பூசி, பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போடுவது, சுவரில் மாட்டுவதைவிட மோசம். கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுடுவதற்கு ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி 2 வருடம் வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அதே திருத்தம்தான் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை 3-லிருந்து 2 ஆகக் குறைத்தது. பரம்பரையாக வந்ததும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், "தாத்தா நினைவாக இருக்கட்டும்" என்று வீட்டிலேயே விட்டுவிடுவதுதான் குடும்பத்தையே வழக்கில் இழுத்துவிடும் தவறு. அவரோடு அந்த லைசென்ஸும் முடிந்தது. தாமதிக்காமல் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள், அப்புறம் வாரிசு பெயருக்குக் கலெக்டர் ஆபீஸில் விண்ணப்பிக்கலாம்.