பிப்ரவரியில் இறந்தவருக்கு ஜூனில் கல்யாணம்: ஆங்கிலக் கல்லறைகளைப் படிப்பவர்கள் கவனிக்க

போன மாதம் இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் ஒரு கிராமத் தேவாலயத்தில், வம்சாவளி தேடி வந்த இருவர் ஒரே கல்லை வைத்துக்கொண்டு ஒரு ஆளை இரண்டு ஆளாக்கிக் கொண்டிருந்தார்கள். நானும் ஒரு காலத்தில் அதையே செய்தவன். நோட்டை மறப்பது, போட்டோ கலங்குவது போன்றவை தானே சரியாகிவிடும். இது ஆகாது.

பிப்ரவரி 1731, எந்த பிப்ரவரி?

இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25 அன்று. ஜனவரி 1 புத்தாண்டானது 1752 முதல்தான். சித்திரையில் ஆண்டு பிறக்கும் நமக்கு இது புதிதல்ல. நம் மாசியும் ஆண்டின் கடைசிப் பக்கம்தானே வரும்?

எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஒரு கம்பளி வியாபாரியின் கல்லில் இறப்பு பிப்ரவரி 1731. திருச்சபைப் பதிவேட்டில் அதே பெயருக்கு ஜூன் 1731இல் திருமணம். செத்தவர் எப்படி மாப்பிள்ளை ஆவார்? இன்னொருவர் இருந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, அந்த இல்லாத மனிதரின் பெற்றோரை ஆறு மாதம் தேடினேன். உயில் நகல்களுக்குக் கட்டிய பணம் தனி. கடைசியில் ஒரு பாட்டியம்மா பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார்: டிசம்பர் 1731 முடிந்ததும் அடுத்த வரி ஜனவரி 1731. அந்த பிப்ரவரி நம் கணக்கில் 1732. ஜூனில் கல்யாணம், எட்டு மாதத்தில் சாவு, பாவம், ஒரே ஆள்.

சில கல்தச்சர்கள் 1731/2 என்று (பழைய கணக்கில் 1731, நம் கணக்கில் 1732) இரண்டையும் செதுக்கியிருப்பார்கள். அதைப் பிழை என்று நினைத்து ஒன்றை வெட்டிவிட்டு எழுதுகிறவர்களைக் கண்டால் இன்றும் எரிச்சல் வரும். கல்லில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்; உங்கள் கணக்கை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். அப்புறம், ஸ்காட்லாந்து 1600லேயே ஜனவரிக்கு மாறிவிட்டது. எல்லையோரக் குடும்பம் என்றால் இரட்டைக் கவனம்.

“வயதின் 72ஆம் ஆண்டில்”

கல்லில் இப்படி இருந்தால், 72 முடியவில்லை, நடந்துகொண்டிருந்தது. வயது 71.

பெட்டிக் கல்லறை

தரைக்கு மேல் கல்லாலான பெட்டி போல இருக்கும்; காட்ஸ்வோல்ட்ஸ் ஊரான பெயின்ஸ்விக்கில் வரிசையாக நிற்கும். விரிசல் வழியே எட்டிப் பார்க்காதீர்கள், பெட்டி காலி. உடல் கீழே மண்ணுக்குள்.

கம்பி பிரஷ், ஷேவிங் நுரை

வேண்டாம். மங்கிய எழுத்துக்குப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் போதும், நிழலில் எழுத்து எழும்பும்.

சாய்ந்த கல்

நிமிர்த்தாதீர்கள். உங்கள் முப்பாட்டனுடையதே ஆனாலும் திருச்சபை அனுமதி வேண்டும்.