ஓட்டலை மூடிவிட்டு மாவு அரைக்க வந்தேன்

46 வயதில் மில் வேலை போனது. சேமிப்பைக் கொட்டி ஓட்டல் வைத்தேன். எட்டே மாதத்தில் வாடகை விழுங்கிவிட்டது. அதனால் மறுபடி தொடங்குபவர்கள் கடையை வாடகைக்கு எடுக்காதீர்கள், வீட்டிலேயே ஆரம்பியுங்கள்.

மதுரை செல்லூரில் இப்போது இட்லி மாவு அரைத்து விற்கிறேன். அரிசியும் உளுந்தும் கீழமாசி வீதியில் மொத்தமாக வாங்குவேன். நாலுக்கு ஒன்று அளவு, கொஞ்சம் வெந்தயம். உளுந்தைத் தனியாக, குளிர்ந்த நீர் தெளித்து அரையுங்கள்; கிரைண்டர் சூடேறினால் மாவு சரியாகப் பொங்காது. சித்திரை வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும், அரைத்த கையோடு பிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

முதல் மாதம் பத்து வீடு போதும். கடனை நோட்டில் எழுதுங்கள், சொந்தக்காரர் என்றாலும் சரி. (மச்சான் பாக்கி இன்னும் நிற்கிறது.) சிறுதொழிலுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது, காசு கேட்கும் தரகரிடம் போகாதீர்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு தனி. அதை விற்பனைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.