டிரான்ஸ்ஃபர் பிரைசிங் வழக்குகள்: புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிரான்ஸ்ஃபர் பிரைசிங் என்றால், ஒரே குழுமத்தைச் சேர்ந்த நிறுவனங்கள் நாடு தாண்டித் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் விலையை வரித்துறை சரிபார்ப்பது. போன வாரம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், "ஆட்சேபணை போட்டாச்சு சார்" என்றார். எங்கே என்று கேட்டேன். "டி.ஆர்.பி.யில்", அதாவது தகராறு தீர்வுக் குழுவில். வரி மதிப்பீட்டு அதிகாரியான ஏ.ஓ.வுக்கு? பதில் இல்லை. நல்லவேளை, இன்னும் நான்கு நாள் மிச்சம் இருந்தது. பல வருடங்களுக்கு முன் எனக்கு அந்த நான்கு நாள் கிடைக்கவில்லை.

கூட்டல் பிழை, விட்டுப்போன கையெழுத்து போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை யாராவது பிடித்துவிடுவார்கள்.

ஏ.ஓ.வுக்குப் பிரதி கொடுக்காமல் விடுவது

வெளிநாட்டுத் தாய் நிறுவனத்தோடு செய்த பரிவர்த்தனையின் விலையை, அதைச் சரிபார்க்கும் அதிகாரியான டி.பி.ஓ. மாற்றி வருமானத்தைக் கூட்டினால், ஏ.ஓ. நேராக இறுதி உத்தரவு போட முடியாது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 144சி பிரிவுப்படி முதலில் வரைவு உத்தரவு தர வேண்டும். அது கைக்கு வந்த 30 நாளுக்குள் ஏற்றுக்கொள்ளலாம், இல்லையென்றால் ஆட்சேபணை போடலாம். அந்த ஆட்சேபணை தகராறு தீர்வுக் குழுவான டி.ஆர்.பி.க்கும் போக வேண்டும், ஏ.ஓ.வுக்கும் போக வேண்டும். குழுவை யாரும் மறப்பதில்லை. மறப்பது ஏ.ஓ.வைத்தான்.

30 நாள் கழிந்ததும் ஏ.ஓ. தன் கோப்பைப் பார்க்கிறார். ஆட்சேபணை எதுவும் இல்லை. வரைவை அப்படியே இறுதி உத்தரவாக்கி வரியைக் கட்டச் சொல்லும் டிமாண்ட் நோட்டீஸ் அனுப்பிவிடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, சட்டம் அவருக்கும் ஒரு மாதக் கெடு வைத்திருக்கிறது. ஒழுங்காகப் போயிருந்தால் குழு முடிவு சொல்லும்வரை டிமாண்டே வராது. அதன் பிறகும் திருப்தி இல்லையென்றால் நேராக வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் போகலாம். ஒரு பிரதி கொடுக்காததால் அந்த வழி முழுக்க அடைபடுகிறது.

எனக்கு நடந்ததும் இதுதான். குழு அலுவலகத்தில் முத்திரை வாங்கிய பிரதியோடு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். சில வாரம் கழித்து, வாடிக்கையாளரின் கணக்கு அதிகாரி டிமாண்ட் நோட்டீஸோடு வந்து, "நாம ஆட்சேபணை போட்டோமா, இல்லையா?" என்று கேட்டார். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டுத்தான் அந்த உத்தரவை ரத்து செய்ய முடிந்தது. இப்படிப்பட்ட வழக்குகளை உயர் நீதிமன்றங்கள் பலமுறை குழுவுக்கே திருப்பி அனுப்பியிருக்கின்றன. ஆனால் அதற்குள் போகும் காலமும் வக்கீல் செலவும் வாடிக்கையாளருடையவை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. ஏ.ஓ.வின் ஒப்புகை கோப்பில் ஏறும்வரை வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள்.

வந்தது வரைவா, இறுதியா என்று பார்க்காமல் விடுவது

விஜய் டெலிவிஷன் வழக்கில் ஏ.ஓ. வரைவு தராமலே இறுதி உத்தரவு போட்டு டிமாண்டும் அனுப்பியிருந்தார். பிறகு, அதை வரைவாகக் கொள்ளவும் என்று ஒரு திருத்தக் குறிப்பு அனுப்பினார். அது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2014இல் சொன்னது. அதிகார வரம்பு சம்பந்தப்பட்ட குறையைத் திருத்தக் குறிப்பால் சரிசெய்ய முடியாது. ஆகவே தொகையைப் பார்க்கும் முன் தலைப்பைப் பாருங்கள், கூடவே டிமாண்ட் நோட்டீஸ் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

தீர்ப்பின் தலைக்குறிப்பை (மேலே தரும் சுருக்கத்தை) மட்டும் படித்து வாதாடுவது

வேறு நிறுவனத்தோடு இணைந்து மறைந்துபோன நிறுவனத்தின் பெயரில் போட்ட உத்தரவு செல்லாது என்று மாருதி சுசுகி வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறவர்கள், 2022இல் வந்த மகாகுன் ரியல்டர்ஸ் தீர்ப்பைப் படிப்பதில்லை. அங்கே வரித்துறைதான் ஜெயித்தது. மாருதி தரப்பு இணைப்பைப் பற்றி ஏ.ஓ.வுக்கு முன்கூட்டியே தெரிவித்திருந்தது. மகாகுனில் ரிட்டர்னில்கூட அதைச் சொல்லவில்லை. உங்கள் கோப்பு எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள்.

எஸ்.ஏ.பி. லேப்ஸ் தீர்ப்பும் அப்படித்தான். தீர்ப்பாயம் நிர்ணயித்த விலையை உயர் நீதிமன்றம் தொடவே முடியாது என்பதில்லை என்றுதான் 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விலையை ஒப்பிட எடுத்த ஒவ்வொரு நிறுவனத்தையும் அங்கே மறுபடி அலசலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

கெடு

உத்தரவு கைக்கு வந்த தேதியை அன்றே உறையின் மேல் எழுதுங்கள்.