கண்மாய் மராமத்து: ஊர் கூடிச் செய்தும் கெட்டுப்போகும் இடங்கள்

மதுரைப் பக்கம் ஊர்க்காரர்கள் சேர்ந்து எடுக்கும் கண்மாய் (பாசன ஏரி) வேலை, மட்டம் பார்க்காமல் தோண்டுவதால்தான் அதிகம் கெடுகிறது. ஜேசிபிக்கு மணிக்கணக்கில் வாடகை ஓடுகிறதே என்ற அவசரம்.

முதலில், வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையின் அடிமட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே உள்வாயை, அதாவது கண்மாயின் உட்புறத் தரையை, எவ்வளவு ஆழப்படுத்தினாலும் அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயாது. ஆடு மாடு குடிக்கப் பள்ளம் வேண்டுமென்றால் கரையை விட்டுத் தள்ளி ஓரிடத்தில் மட்டும் வெட்டலாம். கறுத்த வண்டல் முடிந்து சரளையோ சுக்கானோ (சுண்ணாம்புக் கல்) தலைகாட்டினால் ஜேசிபி வாளியை நிறுத்திவிட வேண்டும். அடிக்களியை உடைத்த கண்மாயில் தண்ணீர் தங்காது.

அதைவிட மோசம், கரையடியில் மண் எடுத்துக் கரைமேலேயே கொட்டுவது. மண்ணை வெளியே ஏற்றிப்போகும் நடைக்கூலி மிச்சம்தான். ஆனால் கண்மாய் பெருகும் நாளில் கசிவு அங்கேதான் வரும். வெறும் வண்டலால் உயர்த்திய கரை வெயிலில் வெடித்து மழையில் கரையும். களி கலந்த கிராவலை அரையடி, முக்காலடி அடுக்காகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டினால்தான் நிற்கும். வண்டல் வயலுக்குப் போகட்டும். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புன்செய்க்கு 90 என்று அரசு விதி உண்டு. டிராக்டருக்கு 3 கனமீட்டர் என்றால் நன்செய் ஏக்கருக்கு 25 நடை. அதற்கு மேல் போகும் மண் செங்கல் சூளைக்குப் போகிறது என்று வையுங்கள்.

நிரம்பிய தண்ணீர் வழிந்து வெளியேறும் கலுங்கில் இரண்டு வரிசை செங்கல் ஏற்றுவது சின்ன வேலையாகத் தெரியும். மேலே உள்வாய்ப் பட்டா நிலம் மூழ்கும். கீழே அடுத்த கண்மாய்க்கு மறுகால், அதாவது வழிந்தோடும் உபரித் தண்ணீர், போகாது. அப்புறம் இரண்டு ஊருக்கும் வழக்குதான்.

சீமைக்கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் மறு மழையிலேயே துளிர்க்கும். தூரோடு பெயர்க்க வேண்டும். நெற்றைத் தின்ற ஆட்டின் புழுக்கையிலிருந்தும் முளைக்கும் என்பதால் அடுத்த இரண்டு மூன்று வருடம் கன்று பிடுங்க ஆள் வேண்டும். அந்த வேகத்தில் நாட்டுக்கருவேலத்தையும் சாய்த்துவிடாதீர்கள், கொக்கும் நாரையும் கூடு கட்டுவது அதில். சுண்ணாம்பு அடித்து முன்பே அடையாளம் வைப்பது நல்லது.

ஆயக்கட்டுக்காரர்கள், அதாவது கண்மாய்ப் பாசன நிலம் உள்ளவர்கள், மட்டும் கூடி முடிவெடுப்பதும் தவறுதான். உள்வாயில் மேய்க்கும் ஆட்டுக்காரர், விறகு வெட்டும் பெண்கள், கரிமூட்டம் போடுபவர் எல்லோரும் அந்தக் கண்மாயை நம்பித்தான் இருக்கிறார்கள். வெளி ஆட்களிடம் மர ஏலத்தை விட்டால் அவர்கள் பிழைப்பு போகும். ஒரு பகுதியை ஊர் விறகுக்கு ஒதுக்குங்கள். மீன்பாசிக் குத்தகையில் சண்டை வராமலிருக்க, தண்ணீர் எந்த மட்டத்துக்கு இறங்கிய பிறகு மீன் பிடிக்கலாம் என்பதை ஏலத்துக்கு முன்பே எழுதி, மடைச்சுவரில் பெயிண்டால் கோடு போட்டுவிடுங்கள்.

மனு எங்கே போக வேண்டும் என்பதிலும் குழப்பம் உண்டு. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு, மேல் என்றால் நீர்வளத்துறை. குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம்.

கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை எல்லாம் முடிந்த பிறகு பார்க்கிறார்கள். பணமும் அதற்குள் தீர்ந்துவிடும். ஐப்பசி மழைக்கு முன், உள்வாயில் கை வைப்பதற்கும் முன், அந்தக் கால்வாய் தொடங்கும் இடம்வரை ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள். எங்காவது ஒரு வண்டிப்பாதைக்குக் கீழே ஒற்றைச் சிமென்ட் குழாய், பாதி மண் மூடிக் கிடக்கும்.