அமெரிக்காட பழைய போடியார் ஒருத்தர்ட வரலாறு எழுதிறது எப்படி

வந்தாறுமூலை கம்பஸ்ல படிக்கிற மருமகளுக்கு பழைய அமெரிக்கத் தோட்ட முதலாளி, சட்டசபை மெம்பர் ஒருத்தர்ட வரலாறு எழுதச் சொல்லி அசைன்மென்ட், புள்ள விக்கிபீடியாவ அப்படியே இறக்கி வச்சிரிக்கு. அதுக்குச் சொன்னத இங்கயும் போடுறன்.

முதல்ல நம்மட போடியார், அதான் பெரிய வயல்காணிக்காரர், ஒருத்தர மனசில வைங்க. காணி எவ்வளவு, ஆர் இறங்கி வேலை செஞ்சது, அந்த விளைச்சல் எப்படி செல்வாக்கா மாறிச்சு? அங்கயும் இதான் கேள்வி.

மருமகள் எடுத்த ஆள் ஜோர்ஜ் மேசன், 1725ல பிறந்து 1792ல செத்தவர், வர்ஜீனியாவில பொட்டோமக் ஆத்தங்கரையில புகையிலைத் தோட்டம். 1776ல வர்ஜீனியாட உரிமைப் பிரகடனத்த எழுதினதில முக்கியமான ஆள், எல்லா மனிசரும் இயல்பாவே சுதந்திரமானவங்க எண்டு அதில வருது. அதோட நிப்பாட்டினா பாதிக் கதைதான்.

1773ல மனிசி செத்த கையோட எழுதின மரணசாசனத்தத் தேடி எடுங்க. அதில பிள்ளையளுக்குக் காணியோட சேத்து அடிமையளயும் பேர் பேரா பிரிச்சிக் குடுக்கிறார். அந்தப் பேருகளத்தான் முதல்ல கொப்பில எழுதணும், ஏனெண்டா 1790 குடிசனக் கணக்கில வீட்டுத் தலைவர்ட பேர் மட்டும்தான், அடிமையள் வெறும் எண்ணிக்கை. அடிமையள நம்மட முல்லைக்காரனோட, அதான் போடியார்ட வயல்ல வேலை செய்யிறவனோட, ஒப்பிட்டு எழுதாதீங்க கா, முல்லைக்காரன் கடன்பட்டுக் கிடந்தாலும் அவன்ட புள்ளைய போடியார் உறுதியில எழுதி மகளுக்குச் சீதனமாக் குடுக்கேலா.

1787ல அரசியலமைப்பு மாநாட்டில அடிமை வியாபாரத்தக் கடுமையாத் திட்டினதும் இதே மேசன்தான், கடைசியில கையெழுத்தும் போடல்ல, ஆனா தன்ட அடிமையள விடுதலை செய்யவுமில்ல. ரெண்டையும் பக்கத்துப் பக்கத்தில வைங்க, நல்லவரா கெட்டவரா எண்டு தீர்ப்பு எழுத அவசரப்படாதீங்க.

காசுக் கணக்கில கவனம். பழைய தாள்ல பவுண் எண்டு வந்தா அது வர்ஜீனியாப் பவுண், லண்டன் பவுண விட மதிப்புக் குறைவு. சில இடத்தில புகையிலைதான் காசு, பாதிரியாருக்கே வருஷச் சம்பளம் 16,000 இறாத்தல் புகையிலை, நம்மட ஆக்கள் நெல்லில கூலி குடுத்த மாதிரித்தான். அத ரூபாயாக்கிறன் எண்டு நிண்டு மினக்கெடாதீங்க.

திகதியிலயும் ஒரு சிக்கல். 1752க்கு முந்தி அங்க வருஷம் பிறந்தது மார்ச் 25ல, அதனால பெப்ரவரித் திகதி ஏதும் வந்தா வருஷத்த ரெண்டாவது இடத்திலயும் ஒத்துப்பாத்திட்டுப் போடுங்க, மருமகள் அதிலதான் ஒரு வருஷம் பிழைவிட்டது.