சூடையைப் பார்த்துவிட்டு ஃபிளை கட்டுங்கள்: தாயகக் கடலில் தூண்டில் போடப் போகிறவர்களுக்கு

நோர்வேயில் சால்மனுக்கும் கனடாவில் டிரவுட்டுக்கும் ஃபிளை (மயிரும் இழையும் முள்ளில் கட்டிச் செய்யும் போலி இரை) வீசிப் பழகியவர்கள், விடுமுறைக்கு இலங்கையிலுள்ள ஊருக்குப் புறப்படும்போது தூண்டில் தடியையும் பெட்டிக்குள் வைக்கலாம். ஃபிளையைத் தூரம் கொண்டுபோகும் தடித்த நூலான லைனை மட்டும் மாற்றிவிடுங்கள். குளிர்நீருக்கென்று செய்த லைன் ஊர் வெயிலில் இளகித் துவண்டு, தடியின் வளையங்களில் ஒட்டிக்கொள்ளும். கைதேர்ந்தவர் வீசினாலும் தூரம் போகாது. வெப்பமண்டலக் கடலுக்கென விறைப்பாகச் செய்த லைன் வேண்டும். 9 அடி நீளத்தில் 8 அல்லது 9 ஆம் எண் தடி (எண் குறிப்பது அது வீசும் லைனின் எடையை), உப்புநீர் தாங்கும் ரீல், அதில் லைனுக்குப் பின்னால் 150 மீட்டருக்குக் குறையாத பின்நூல். பாரை மீன் ஃபிளையைக் கவ்விக்கொண்டு ஓடும்போது அந்தப் பின்நூலின் அருமை தெரியும்.

ஜூலை, ஓகஸ்டில் போகிறவர்கள் கிழக்குக் கரையைத் தேர்ந்தெடுங்கள். அப்போது சோளகக் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் திருகோணமலை, மட்டக்களப்புக் கரைகளில் கடல் அடங்கியிருக்கும், காற்றும் முதுகுப் பக்கமிருந்து வரும். அதே காற்று யாழ்ப்பாணப் பரவைக்கடலைக் கலக்கிவிடும். டிசம்பரில் வாடையும் மழையும் சேர்ந்து கிழக்கில் அலை உயர்ந்து, வாவிகளின் நீரும் கலங்கலாகிவிடும். இலங்கையைச் சுற்றிக் கடல் ஏற்றவற்று ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆகவே நீர் குறுகி ஓடும் இடங்களே முக்கியம்: மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரம், மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவின் ஓரங்கள், பாலங்களின் அடி. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஓட்டம் கூடும்.

ஃபிளைகளை முழுவதும் வீட்டிலேயே கட்டி எடுத்துச் செல்ல வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முள்ளைப் பிடித்துவைக்கும் சிறிய கிடுக்கியையும் நூலையும் எடுத்துச் சென்று, முதல் நாள் விடியலில் வள்ளங்கள் கரைக்கு வரும் இடத்தில் போய் நில்லுங்கள். வலையில் இருப்பது நெத்தலியா, சூடையா, மணலைக் குஞ்சா என்று பாருங்கள். விரலோடு வைத்து நீளத்தை அளந்துகொள்ளுங்கள். நெத்தலி ஒல்லி, உடல் பாதி கண்ணாடி, விலாவில் ஒரு வெள்ளிக் கோடு. சூடைக்கு வயிறு ஆழம், முதுகு நீலப்பச்சை. பாரைக் கூட்டம் ஒரே அளவுக் குஞ்சுகளைத் துரத்தும் வேளையில், அதைவிட இரு மடங்கு நீளமான ஃபிளையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகும்.

கட்டுவதற்கு க்ளவுசர் மின்னோ என்ற ஃபிளையை மிஞ்சியது இல்லை. பாப் க்ளவுசர் 1987 இல் அமெரிக்காவின் நன்னீர் பாஸ் மீனுக்காகக் கட்டியது, இன்று உலகின் எல்லாக் கடல்களிலும் மீன் பிடிக்கிறது. துருப்பிடிக்காத 1/0 அளவுத் தூண்டில் முள்ளை எடுங்கள். நெத்தலி அளவுக்கு 2 ஆம் எண். முள்ளில் நூல் கட்டும் வளையத்திலிருந்து தண்டின் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, உலோகக் குண்டுக் கண்களைத் தண்டின் மேற்புறம் வைத்து எட்டு வடிவில் இறுக்கிச் சுற்றி ஒரு துளி பசை விடுங்கள். இந்தக் கண்களின் எடையால்தான் ஃபிளை நீரில் தலைகீழாகத் திரும்பி, முள் மேல்நோக்கி நிற்கும். சாதாளையிலும் பாரிலும் எளிதில் மாட்டாது. கண்கள் உள்ள பக்கத்தில் வெள்ளை இழையைக் கட்டுங்கள், அது வயிறு. முள்ளைத் திருப்பி, மறுபக்கத்தில் நாலைந்து மினுக்க இழையும் அதன்மேல் பச்சை அல்லது நீல இழையும், அது முதுகு. மான்வால் மயிர் அழகாக அசையும், ஆனால் சீலாவின் பல் பட்டால் உதிர்ந்துவிடும். ஊருக்கு எடுத்துச் செல்லச் செயற்கை இழையே நல்லது. இழையைக் குறைவாக வையுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிய வேண்டும். அடர்ந்த ஃபிளை நீரில் பஞ்சுக்கட்டி போலக் கிடக்கும், மெல்லியது மீனாகிவிடும்.

நுனியில் 40 இறாத்தல் தாங்கும் தங்கூசியைத் தளர்வளைய முடிச்சால் கட்டினால் ஃபிளை தலையை ஆட்டும். சீலாவும் அறுக்குளாவும் வரும் இடத்தில் ஒரு சாண் கம்பி இல்லாமல் வீசாதீர்கள்.

இழுப்பு மீனுக்கு மீன் மாறும். பாரைக்கும் கட்டாவுக்கும் தடியைக் கக்கத்தில் இடுக்கி, இரண்டு கையாலும் விடாமல் வேகமாக இழுங்கள். பின்னால் மீன் வருவதைக் கண்டு பதறி நிறுத்தாதீர்கள், உயிருக்கு ஓடும் சூடை நிற்காது. கண்டல் வேரடியில் கிடக்கும் கொடுவாவுக்கு நேர்மாறு: சிறிய இழுப்பு, பிறகு நிறுத்தம். இழுக்கும்போது எழும்பும் ஃபிளை, விட்டதும் தலைகுப்புற விழும். கொடுவா பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் வாயைத் திறக்கும். மீன் பிடித்ததும் டிரவுட்டுக்குச் செய்வதுபோலத் தடியைத் தூக்காதீர்கள். தடிநுனி நீரை நோக்கியே இருக்க, லைனை இடக்கையால் நீளமாக இழுத்து முள்ளை ஏற்றுங்கள். இந்தப் பழக்கம் கைவர நேரமெடுக்கும், புறப்படும் முன்பே புல்வெளியில் பழகிவிடுங்கள்.

பரவைக்கடலில் களங்கண்டி வலைகளுக்கு (தடி நட்டுக் கட்டிய வலைகள்) அருகே வீசக்கூடாது. அது ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம். எந்தக் கரையிலும் இறங்குமுன் அங்குள்ள கடற்றொழிலாளர்களிடம் கேளுங்கள். வலை எங்கே கிடக்கிறது, எந்தக் கண்டலோரம் முதலை வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கே மீன்பிடிக்க அனுமதி இல்லை. ஆழமற்ற மணலில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள், திருக்கை விலகிப்போகும். முள்ளின் எதிர்முனையை (நுனிக்கருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கூர்) குறட்டால் நசுக்கிவிட்டால், வேண்டாத மீனையும் உங்கள் விரலையும் காயம் பெருகாமல் விடுவிக்கலாம். மாலையில் ரீலையும் தடியையும் பயன்படுத்திய ஃபிளைகளையும் கிணற்று நீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு பெட்டியில் மூடினால் ஒரே இரவில் உப்பு தன் வேலையைத் தொடங்கிவிடும்.